முதல் வாளி

கந்தெலாரியா சமையலறையில் நாற்காலி போட்டு ஏறி நின்று, நார்மட்டையைச் சுண்ணாம்பில் தோய்த்து மேல் மூலையில் இழுத்துக்கொண்டிருந்தபோது வாசலில் யாரோ செருமினார்கள். திரும்பிப் பார்க்காமலே யாரென்று தெரிந்தது. பெனாஹராவில் வருகிறவர்களெல்லாம் தெரு முனையிலிருந்தே பெயரைச் சொல்லிக் கத்திக்கொண்டுதான் வருவார்கள். செருமிவிட்டுக் காத்திருக்கிற ஆள் ஊருக்கு ஒருவர்தான், மேயர்.

"உள்ள வாங்க தோன் ஃபெர்மின். தரையெல்லாம் சொட்டிக் கெடக்கு, ஷூ பத்திரம்."

"நான் வரல. நீ வெளிய வா."

நாற்காலியிலிருந்து இறங்கி, கையை இடுப்பில் கட்டிய துணியில் துடைத்துக்கொண்டு போனாள். தோன் ஃபெர்மின் கைத்தடியின் நுனியால் அவளது வீட்டு முகப்பைச் சுரண்டிக்கொண்டிருந்தார். கறுப்பும் பச்சையுமாகப் பொருக்கு உதிர்ந்து அவருடைய ஷூவின் மேலேயே விழுந்தது. அவர் காலை உதறினார். தெருவின் இரண்டு பக்கமும் மே மாத வெயில் வெள்ளைச் சுவர்களில் பட்டுக் கண்ணைக் கூச வைத்தது. இந்த ஊரில் சுண்ணாம்பின் மேல் சுண்ணாம்பாக, கோட்டையைக் கட்டிய மூர் முஸ்லிம்களின் காலத்திலிருந்து அடித்து அடித்து, வீட்டு மூலைகளெல்லாம் கூர் மழுங்கி வழவழவென்று சோப்புக்கட்டி போல ஆகிவிட்டிருக்கும். வருஷா வருஷம் தெரு ஒரு நகக்கண் அளவு குறுகிக்கொண்டே வருகிறது என்று மதுக்கடையில் பேசிக்கொள்வார்கள். கந்தெலாவின் வீட்டு மூலை மட்டும் கல் தெரிய, கூராக நின்றது. மழை வழிந்த தடங்கள் கூரை விளிம்பிலிருந்து தரை வரை நீளநீளமாக இறங்கியிருந்தன.

"என்ன கந்தெலா இது?"

"சுவரு."

"சுவருன்னு எனக்கும் தெரியும். புதுசா கட்டின பார்வை மேடையில நின்னு பார்த்திருக்கியா? ஊரே மலைமேல கொட்டி வெச்ச உப்பு மாதிரி இருக்கு. நடுவுல உன் வீடு. அழகான பொம்பள சிரிக்கிறப்போ முன்பல்லு ஒண்ணு இல்லாத மாதிரி."

"எனக்கும்தான் முன்பல்லு இல்ல தோன் ஃபெர்மின். அதுக்கும் வெள்ளை அடிச்சுரலாமா?"

பக்கத்து வீட்டு ஜன்னலுக்குள் ரெமே சிரித்து, சிரிப்பை இருமலாக மாற்றிக்கொண்டது கேட்டது. மேயர் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

"வியாழக்கிழமை தலைநகர்லேர்ந்து மூணு பேரு வர்றாங்க. அழகான ஊருக்குப் பரிசு குடுக்கற போட்டி. மாகாணத்துல எத்தனை மலையூரு இருக்கு, அத்தனையும் இதுக்குத்தான் ஆலாப் பறக்குது. சண்டை முடிஞ்சு இருபத்தஞ்சு வருஷ அமைதியக் கொண்டாடறோம். பரிசு கெடைச்சா ரோடு வரும், ஹோட்டல் வரும். நீ ஒருத்தி குறுக்க நிக்கறே."

"இது துக்க வீடு. உங்களுக்குத் தெரியாததா?"

பெனாஹராவில் சாவு விழுந்த வீட்டின் முகப்புக்கு அந்த ஆண்டு வெள்ளை கிடையாது. உள்ளே எவ்வளவு வேண்டுமானாலும் அடித்துக்கொள்ளலாம். தெருவைப் பார்த்த சுவர் மட்டும் அழுக்கேற வேண்டும். ஆண்டு திரும்பியதும் அக்கம்பக்கத்தார் சுண்ணாம்போடு வருவார்கள். முதல் வாளியை வீட்டுக்காரர்கள் தொடக் கூடாது. வெளியாள் ஒருவர் அதை வாசற்படியில் இறக்கிவைத்து, தொப்பியைக் கழற்றி, செத்தவர் பெயரையும் அவர் படுத்திருக்கிற இடத்தையும் உரக்கச் சொல்ல வேண்டும். அவருக்கு மண் கிடைத்தது, வீட்டுக்கு வெள்ளை கிடைக்கட்டும் என்று முடிக்க வேண்டும். தெருவே சேர்ந்து 'கிடைக்கட்டும்' என்று சொல்லும். அதற்குப் பிறகுதான் மட்டை சுவரில் படும். கந்தெலாவின் வீட்டு வாசலில் அந்த வாளியை யாரும் இதுவரை இறக்கவில்லை. உள்நாட்டுச் சண்டை தொடங்கிய கோடையில், கூலிக்காரர் சங்கத்தில் இருந்த அவள் புருஷன் லியாந்த்ரோவை, பின்னால் சண்டையில் ஜெயித்த கட்சியின் நீலச் சட்டைக்காரர்கள் இந்த வாசலிலிருந்துதான் கூட்டிக்கொண்டு போனார்கள். அவள் அப்போது வயிற்றில் பிளாஸோடு நின்றிருந்தாள். ஒரு கேள்வி கேட்டுவிட்டு அனுப்பிவிடுவோம் என்றார்கள். என்ன கேள்வி என்று இன்று வரை தெரியாது.

"யாருக்கு துக்கம்?" என்றார் மேயர். "லியாந்த்ரோ செத்தான்னு யாரு சொன்னா? பிரான்சுக்கு ஓடிட்டான். பதிவுல அப்படித்தான் இருக்கு."

"அப்போ நான் விதவை இல்ல."

"இல்ல."

"அப்போ இது துக்க வீடும் இல்ல. வெறும் சோம்பேறி வீடு. சோம்பேறிய வெள்ளை அடிக்கச் சொல்லிச் சட்டம் ஏதும் இருக்கா?"

அவர் கோபப்படுவார் என்று நினைத்தாள். கோபப்படவில்லை. கைத்தடியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, ஷூவின் மேலிருந்த கடைசிப் பொருக்கைக் குனிந்து விரலால் தட்டினார். அந்தக் கோடையில் அவருக்கு இருபது வயது. நீலச் சட்டை அவருக்கு நன்றாகத்தான் பொருந்தியிருந்தது.

"உன் பையன் ஜெர்மனிக்குப் போகணும்னு நன்னடத்தைச் சான்றிதழ் கேட்டிருக்கான்" என்றார். "நல்ல பையன். குளிர்காலம் முழுக்க பார்வை மேடையில எனக்காகக் கல்லு சுமந்தான். கையெழுத்துப் போடணும்னுதான் எனக்கும் ஆசை. வியாழக்கிழமை போடறேனே. சுவரப் பார்த்துட்டு."

*

பிளாஸ் பூண்டும் ரொட்டியும் போட்ட சூப்பைத் தலையைக் குனிந்து குடித்துக்கொண்டிருந்தான். இருபத்தேழு வயது ஆண்பிள்ளை. ஆலிவ் பறிக்கிற காலத்தில் மூன்று மாசம் வேலை, அதுவும் தோன் ஃபெர்மினின் தோப்பிலேயே. மற்ற நாளெல்லாம் சதுக்கத்தில் சுவரோடு சாய்ந்து நின்று, யாராவது விரலை நீட்டிக் கூப்பிடுவார்களா என்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அவனோடு நின்றவர்களில் பாதிப்பேர் ஜெர்மனியில் கார் தொழிற்சாலையில் இருக்கிறார்கள். கிறிஸ்துமஸுக்கு வரும்போது கையில் கைக்கடிகாரமும் வாயில் புரியாத நாலு வார்த்தையுமாக வருவார்கள். பிளாஸ் அவர்கள் பேசுவதை வாயைப் பார்த்துக்கொண்டு கேட்பான்.

"ரெமே சொன்னா. மேயர் வந்தாராமே" என்றான்.

"வந்தாரு."

"சுவரு விஷயமா?"

"ஆமா."

அவன் கரண்டியை வைத்தான். கையில் சிமெண்ட் தின்ற வெடிப்புகள் இன்னும் ஆறியிருக்கவில்லை. அந்தக் குளிர்காலத்தில் தினமும் மத்தியானம் கூடையில் சாப்பாடு கொண்டுபோய், பழைய சுண்ணாம்புக் காளவாய் இருந்த மேட்டில் எழும்பிய மேடையின் அரைகுறைச் சுவரில் உட்கார்ந்து, அவன் கை கழுவி வருகிற வரைக்கும் காலாட்டிக்கொண்டு காத்திருந்தது அவளுக்கு நினைவுக்கு வந்தது. வேலை கொடுத்தாரே என்று அந்த மனிதருக்காக ஒருநாள் மெழுகுவர்த்திகூட ஏற்றினாள்.

"ஒரு சுவத்துக்காக நான் இந்த ஊர்லயே கெடந்து சாகணுமாம்மா?"

"நான் அடிக்க மாட்டேன்னு சொல்லலையேடா. வாளிய யாராவது கொண்டாந்து வைக்கணும். எடத்தச் சொல்லணும். அதுக்கப்புறம் நானே ஏணி புடிக்கிறேன்."

"எடத்த யாரும் சொல்ல மாட்டாங்க."

"ஏன்?"

பிளாஸ் ரொட்டியைப் பிய்த்துக் கிண்ணத்தின் அடியைத் துடைத்தான். துடைத்த இடத்தையே மறுபடியும் துடைத்தான்.

அவனிடம் சொல்ல முடியாத ஒன்று அவளிடம் இருந்தது. யாரிடமும் சொல்ல முடியாதது. வெளியே எல்லோரிடமும் என் புருஷனைக் கொன்றுவிட்டார்கள், எங்கே போட்டீர்கள் சொல்லுங்கள் என்றுதான் கேட்டாள். ஆனால் இத்தனை காலமும் ஒருவரும் இடம் சொல்லவில்லை என்பதிலேயே அவளுக்கு ஒரு இடுக்கு இருந்தது. இடம் இல்லையென்றால், ஒருவேளை, சாவும் இல்லை. பிரான்சு என்று அவர்கள் பொய்தான் சொல்கிறார்கள். ஆனால் பொய் சொல்கிறவன் வாயிலும் எப்போதாவது தப்பித் தவறி உண்மை விழாதா? மேலைக்காற்று அடிக்கிற சில நாட்களில், எங்கோ ஒரு நகரத்தில் வழுக்கை விழுந்த ஒரு லியாந்த்ரோ, வேறு ஒருத்தி ஊற்றிக் கொடுத்த காப்பியைக் குடித்துக்கொண்டிருப்பதாக நினைப்பாள். அந்த இன்னொருத்தியைத் திட்டக்கூடத் திட்டுவாள். திட்டுவது சுகமாக இருக்கும். அந்த அழுக்குச் சுவர் அவளுக்கு அழவும் இடம் கொடுத்தது, காத்திருக்கவும் இடம் கொடுத்தது. வெள்ளை அடித்தால் இரண்டில் ஒன்று போய்விடும்.

மறுநாள் ரெமேயின் வீட்டுக்குப் போனாள். ரெமே ஜெரேனியம் தொட்டிகளுக்கு நீலச் சாயம் பூசிக்கொண்டிருந்தாள். எல்லாத் தொட்டியும் ஒரே நீலமாக இருக்க வேண்டும் என்று மேயரின் உத்தரவு.

"ரெமே, முதல் வாளிய நீ வையேன்."

"நானா? பொம்பள வெக்கலாமா?"

"உங்க அம்மா செபாஸ்தியான் வீட்டுக்கு வெச்சாங்களே."

"அது... எங்கம்மாவுக்கு நெஞ்சுரம் ஜாஸ்தி." ரெமே தூரிகையை டப்பாவில் போட்டாள். எடுத்தாள். மறுபடியும் போட்டாள். "வெச்சா வார்த்தை சொல்லணுமேடி. நான் என்னத்தச் சொல்ல?"

"எடம் தெரியாதுன்னு சொல்லு. கடவுளுக்குத் தெரிஞ்ச எடத்துல இருக்காருன்னு சொல்லு. பாதிரியார்கிட்ட கேட்டுக்கலாம்."

"பொய் சொல்லச் சொல்றியா? அந்த வார்த்தையில?"

சொல்லிவிட்டு ரெமே சட்டென்று குனிந்து தொட்டியைத் திருப்பத் தொடங்கினாள். கழுத்து சிவந்திருந்தது. பிரசவத்தின்போது கையைப் பிடித்துக்கொண்டிருந்தவள், பிளாஸுக்கு முதல் சட்டை தைத்தவள், இருபத்தெட்டு ஆண்டுகளாகச் சுவருக்கு அந்தப் பக்கம் அடுப்பூதுகிற சத்தம் கேட்கிற தூரத்தில் இருக்கிறவள். இதில் பொய் எங்கே வந்தது என்று கந்தெலாவுக்கு அப்போது புரியவில்லை. சாயத்தின் வாடை தலையை வலிக்க வைக்கிறது என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டாள்.

*

வியாழக்கிழமை காலையிலேயே தெரு நிறைந்துவிட்டது. பெண்கள் நல்ல உடையில் இருந்தார்கள். சதுக்கத்தில் 'இருபத்தைந்து ஆண்டு அமைதி' என்று எழுதிய துணி கட்டியிருந்தது. காற்றுக்கு அது புடைத்துப் புடைத்து அடங்கியது. மேயர் முன்னால் வர, பின்னால் எவாரிஸ்தோ கழுதையை நடத்திக்கொண்டு வந்தார். ஊருக்குச் சுண்ணாம்பு சுடுகிறவர் அவர். எழுபது தாண்டிவிட்டது. காதும் மந்தம். சில நாட்களில் செத்துப்போன மனைவிக்கும் சேர்த்து ரொட்டி வாங்கிக்கொண்டு போய்விடுவார். மேயர் அவருடைய காதருகில் குனிந்து கத்தினார், தெரு முழுக்கக் கேட்டது.

"வாளிய எறக்கி வெச்சுட்டு அடிக்க வேண்டியது. சடங்கு கிடங்கு ஒண்ணும் வேணாம். புரிஞ்சுதா?"

"ஆகட்டும் எசமான்."

"வார்த்தை வேணாம்."

"வேணாம் எசமான்."

கந்தெலா எதிர்ச் சுவரில் சாய்ந்து நின்றாள். பக்கத்தில் பிளாஸ், சலவைச் சட்டையில். மேயரின் மார்புப் பையில் மடித்த காகிதம் ஒன்று வெளியே தெரிகிற மாதிரி வைக்கப்பட்டிருந்தது. பிளாஸ் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் ஒரு முடிவுக்கு வந்துவிட்டிருந்தாள். வார்த்தை இல்லாமல் அடிக்கிற வெள்ளை வெள்ளை ஆகாது. அடித்துக்கொண்டு போகட்டும். பிள்ளைக்குக் காகிதம் கிடைக்கும், அவளுக்கு அந்த இடுக்கு மிச்சமிருக்கும். யாருக்கும் நஷ்டமில்லை.

எவாரிஸ்தோ கழுதையின் முதுகிலிருந்து வாளியை அவிழ்த்தார். தளும்பாமல் இரண்டு கையாலும் பிடித்து, படியருகில் வந்து, முழங்காலை மடக்கி மெல்ல இறக்கினார். ஐம்பது ஆண்டாக ஊரில் எந்தத் துக்க வீட்டுக்கு வெள்ளை அடித்தாலும் முதல் வாளி பெரும்பாலும் அவருடையதுதான். சுண்ணாம்பு கொண்டு வருகிறவர் அவர்தானே. வாளியின் கைப்பிடி படிக்கல்லில் 'டிங்' என்று பட்டது. அந்தச் சத்தத்துக்கே காத்திருந்தது போல அவருடைய வலது கை மேலே போய்த் தொப்பியைக் கழற்றியது. முதுகு நிமிர்ந்தது. கோயிலில் பாடுகிற மாதிரி, இழுத்து, தெளிவாகச் சொன்னார்:

"இந்த வீட்டு லியாந்த்ரோ, பழைய காளவாய்ல படுத்திருக்காரு. அவருக்கு மண்ணு கெடைச்சுது. வீட்டுக்கு வெள்ளை கெடைக்கட்டும்."

"கெடைக்கட்டும்" என்றது தெரு.

ஒரே குரலாக, ஒரு இமைப்பொழுதுகூடத் தாமதிக்காமல் சொன்னார்கள். ஆண்களின் தலையில் ஒரு தொப்பிகூட இல்லை. தோன் ஃபெர்மினின் தொப்பியும் அவருடைய கையில் இருந்தது. அது எப்படி அங்கே வந்தது என்று தெரியாதவர் போல அவர் அதையே குனிந்து பார்த்தார்.

பிறகுதான் ஊருக்குத் தான் என்ன சொன்னோம் என்று உறைத்தது. கழுதை மட்டும் காதை ஆட்டியது. கந்தெலா ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். யாரும் எவாரிஸ்தோவைப் பார்க்கவில்லை. என்ன சொல்கிறாய் கிழவா, எந்தக் காளவாய், உனக்கெப்படித் தெரியும் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. எல்லோரும் அவளைத்தான் பார்த்தார்கள். விளையாட்டில் கடைசியாக மாட்டிக்கொண்ட ஒருத்தியைப் பார்க்கிற மாதிரி. ரெமே இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். நீலச் சாயம் நகக்கண்களில் போகாமல் இருந்தது.

கந்தெலாவின் காதுக்குள் அந்தக் 'கெடைக்கட்டும்' இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. அத்தனை குரல்களுக்கு நடுவில் ஒரு குரல் அவளுக்கு மிக அருகிலிருந்து வந்தது. இடது தோளுக்குப் பக்கத்திலிருந்து.

"பிளாஸ்."

அவன் திரும்பவில்லை.

"உனக்குமாடா?"

"பதினோரு வயசுல. மதுக்கடையில பேசிக்கிட்டாங்க."

"குளிர்காலம் பூரா அங்கதானே வேலை செஞ்சே."

"ஆமா."

"நான் சோறு கொண்டாந்தேனே."

"ஆமாம்மா."

"அந்தச் சுவத்து மேலதானே உக்காந்திருந்தேன். காலாட்டிக்கிட்டு."

"என்ன சொல்லச் சொல்றே? சொல்லியிருந்தா என்ன செஞ்சிருப்பே? தோண்டியிருப்பியா? விட்டிருப்பாங்களா?" அவனுடைய குரல் உடைந்து, உடைந்ததை மறைக்கக் கடுமையானது. "நீ ஒவ்வொரு தடவையும் தபால்காரன் மணிச் சத்தத்துக்குத் தலையத் தூக்கறதப் பார்த்துக்கிட்டே நான் வளந்தேன். மறைக்கணும்னு எனக்கு மட்டும் ஆசையா?"

அப்படியானால் அவளுடைய இடுக்கும் அவனுக்குத் தெரிந்திருந்தது. அவளிடம் ரகசியம் என்று ஒன்றுமே இருந்திருக்கவில்லை.

மேயருக்குக் குரல் திரும்பிவிட்டது. "கெழவனுக்குப் புத்தி பெசகிடுச்சு. செத்த பொண்டாட்டிக்கு ரொட்டி வாங்கற ஆளு. யாரும் பெருசா எடுத்துக்காதீங்க. கார் கெளம்பிருச்சுன்னு போன் வந்தாச்சு. ம், அடிங்க!"

எவாரிஸ்தோ தொப்பியை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார். என்ன செய்துவிட்டோம் என்று இப்போதுதான் அவருடைய முகத்தில் மெல்ல ஏறிக்கொண்டிருந்தது. கந்தெலா தெருவைக் கடந்து போய் அவர் எதிரில் நின்றாள். மந்தக் காதுக்குக் கேட்கும்படி, ஆனால் கத்தாமல் கேட்டாள்.

"அண்ணே, அதனாலதான் அந்தக் காளவாய விட்டுட்டு மலைக்கு அந்தாண்ட புதுசு கட்டினீங்களா? கல்லு தீந்துபோச்சுன்னு சொன்னீங்களே."

"கல்லு நெறைய இருந்துச்சு" என்றார் கிழவர்.

"மேல சுண்ணாம்பு போட்டீங்களா?"

"போடச் சொன்னாங்க தாயி. ஆகஸ்ட் மாசம். நாத்தம் ஊருக்குள்ள வரும்னாங்க."

"யாரு சுண்ணாம்பு?"

"ஊர்ல வேற யாருகிட்ட இருக்கு?"

ஒவ்வொரு மே மாதமும் கிழவர் அவளது பின்வாசலில் ஒரு கூடைச் சுண்ணாம்பு வைத்துவிட்டுப் போவார். காசு வாங்கமாட்டார். ஏழைப் பெண்ணுக்கு இரங்குகிற மனிதர் என்று அவள் போகிற இடத்திலெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். அதைத்தான் நீர்விட்டுக் கொதிக்க வைத்துச் சமையலறைக்கு அடித்தாள், படுக்கையறைக்கு அடித்தாள், பிள்ளையின் தொட்டில் கிடந்த மூலைக்கு அடித்தாள். விரல் இடுக்குகளில் இந்த வாரம் அடித்ததன் எரிச்சல் இன்னும் இருந்தது.

யாரும் மட்டையைத் தொடவில்லை. மேயர் பையிலிருந்த காகிதத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். பிளாஸ் சட்டைக் கையை மடித்தான். ஒரு மடிப்பு, இன்னொரு மடிப்பு, நல்ல சட்டையாயிற்றே என்று நிதானமாக. பிறகு போய்க் குனிந்து மட்டையை எடுத்தான். அம்மாவைப் பார்த்தான். அவள் வேண்டாம் என்றால் போட்டுவிடுவான். அது அவளுக்குத் தெரிந்தது. போட்டுவிட்டு, சதுக்கத்துச் சுவரில் போய்ச் சாய்ந்துகொள்வான், சாகிற வரைக்கும். ஒருநாளும் அதைச் சொல்லிக்காட்டவும் மாட்டான்.

"அடி" என்றாள் கந்தெலா. "வார்த்தைதான் சொல்லியாச்சே. மூலை விடாம அடி."

ரெமே அருகே வந்தாள். "கந்தெலா, ஏய், கேளுடி, எங்க வீட்டுக்காரர் கையப் புடிச்சு சத்தியம் வாங்கிட்டாரு, அந்தக் காலம் உனக்குத்தான் தெரியுமே..."

"கைய எடு. சாயம் ஒட்டும்."

*

பார்வை மேடை ஊருக்கு எதிரில், பள்ளத்தாக்குக்கு அந்தப் பக்கத்துச் சரிவில் இருந்தது. ஓடைப் பாலத்தைக் கடந்து, பாதாம் மரங்களுக்கு நடுவே வளைந்து வளைந்து ஏற வேண்டும். கறுப்பு உடையில், வெயிலில், நின்று நின்று ஏறினாள். மேலே இரும்புக் கம்பிக்குப் பச்சை வண்ணம் அடித்திருந்தார்கள். சிமெண்ட் தரையில் கட்டம் போட்டிருந்தது. இரண்டு பெஞ்சு, ஓரமாக வரிசையாக நட்ட ரோஸ்மேரிச் செடிகள். பழைய காளவாயின் வாய் எந்த இடத்தில் இருந்தது என்று கண்டுபிடிக்க முடியவில்லை. அவ்வளவு சமமாகச் செய்திருந்தார்கள். பிளாஸ் எப்போதும் வேலையைச் சுத்தமாகச் செய்பவன்.

குனிந்து சிமெண்டைத் தொட்டாள். சூடாக இருந்தது. பெயரைச் சொல்லிக் கூப்பிட வேண்டும் என்று ஏறி வரும்போது நினைத்திருந்தாள். வாய் வரவில்லை. இருபத்தாறு வயதுப் பையனை, தன் பிள்ளையைவிடச் சின்னவனை, இந்தக் கிழட்டு வாயால் எப்படிக் கூப்பிடுவது? அந்தக் காப்பி ஊற்றிக் கொடுத்த இன்னொருத்திதான் நினைவுக்கு வந்தாள். அவளும் இன்றோடு செத்துப்போனாள், பாவம்.

காரின் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. தலைநகரிலிருந்து மூன்று பேர், ஒருவர் கழுத்தில் காமிரா. ஊர்ப் பள்ளிக்கூட வாத்தியார் முன்னால் ஓடிவந்து மூர்களின் கோட்டையைப் பற்றியும், வளைவு வாசலைப் பற்றியும், சுண்ணாம்பின் மேல் சுண்ணாம்பாகப் பூசிய எட்டு நூற்றாண்டுகளைப் பற்றியும் மூச்சு வாங்கச் சொல்லிக்கொண்டிருந்தார். பெஞ்சருகில் அவளைக் கண்டதும் அவருக்குப் பேச்சு நின்றது. செய்தி அவருக்கும் வந்து சேர்ந்திருந்தது போல. காமிராக்காரர் அதைக் கவனிக்கவில்லை.

"அப்படியே நில்லுங்கம்மா. கறுப்புத் துணி, பின்னால வெள்ளை ஊரு. அற்புதமா இருக்கு."

அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஊரைப் பார்த்தாள். மேயர் சொன்னது சரிதான், உப்புக் குவியல் போலத்தான் இருந்தது. நடுவில் அவளது வீடு. பிளாஸ் அடித்து முடித்துவிட்டிருந்தான். ஈரச் சுண்ணாம்பு இன்னும் கண்ணாடி போலக் கிடந்தது. அடியிலிருந்த கறுப்பும் பச்சையும் மழைத் தடங்களும் கழுவிய முகம் போல இன்னும் தெளிவாகத் தெரிந்தன. முன்னைவிடக் கறுப்பாகக்கூட இருந்தது. இத்தனை காலமும் இந்த வீடு இந்தக் குழியைத்தான் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறது, வெள்ளைக் கூட்டத்தில் தனியாக, கண்டுபிடிக்கச் சுலபமாக.

"உள்ளூர்தானாம்மா நீங்க?" என்றார் மூவரில் வயதானவர். நல்ல மனிதராகத் தெரிந்தார். வெயிலுக்காகத் தன் விசிறியை அவள் பக்கமும் ஆட்டினார். "குடுத்து வெச்சவங்க. பரிசு உங்க ஊருக்குத்தான், இப்பவே சொல்லிடறேன். உங்க வீடு எதுன்னு காட்டுங்க, பார்ப்போம்."

வெயில் நன்றாக ஏறியிருந்தது. சுண்ணாம்பு காயக் காயத்தான் வெளுக்கும், காயத் தொடங்கினால் யாருக்காகவும் நிற்காது. மேல் விளிம்பிலிருந்து வெள்ளை இறங்கியது. மழைத் தடங்கள் ஒவ்வொன்றாக மங்கின. வாசலுக்கு மேலிருந்த கறுப்பு, மூலைக்கல்லின் கூர், படியருகில் மேயரின் கைத்தடி சுரண்டிய இடம்.

கந்தெலா கையைத் தூக்கி விரலை நீட்டினாள்.

"அதோ..." என்றாள்.

விரல் வலப்பக்கம் நகர்ந்தது, நின்றது, மறுபடி இடப்பக்கம் வந்தது. அந்த மூன்று பேரும் அவளுடைய விரல் நுனியைத் தொடர்ந்து கண்களைச் சுருக்கிக்கொண்டு பார்த்துக்கொண்டே இருந்தார்கள்.